அத்தர்க்கடைக்கு எதிர்க்கடை

ஆஸிம் பாய் பஞ்சில் தொட்டு நீட்டிய சந்தன அத்தரை லோகப்பிரியா மூக்கருகே கொண்டுபோனாள். வந்தது காபி வாசனை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை ஆழமாக இழுத்துப் பார்த்தாள். அப்போதுதான் வறுத்து இறக்கிய காபிக்கொட்டையின் வாசனை நெஞ்சுவரை போய் உட்கார்ந்துகொண்டது. சந்தனம், நெரிசல் பஸ்ஸில் உள்ளே நுழைய முடியாமல் படியில் தொங்குகிறவனைப் போல எங்கோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தெரியுதாம்மா?" என்றார் ஆஸிம் பாய்.

"காபிதாங்க தெரியுது."

அவர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. நெடுநாள் வியாதிக்கு ஒரு டாக்டர் கடைசியில் பெயர் சொல்லிவிட்டதைப் போன்ற திருப்தி. "நாலு வருசமா இதைத்தாம்மா சொல்லிட்டிருக்கேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கல" என்று சந்தின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். ராஜ வீதியிலிருந்து பிரிகிற அந்தச் சந்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். எதிரே பழனாத்தாள் காபிக்கடை. பெயர்ப் பலகைக்கு மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு தகரக் குழாய் வெளியே நீண்டிருந்தது. அதன் வாய் வானத்தையும் பார்க்கவில்லை, வீதியையும் பார்க்கவில்லை. நேராக ஆஸிம் பாயின் கல்லாவைப் பார்த்தது. வியாபாரிகள் சங்கத்தில் அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், எதிர்க்கடையில் ஆளுக்கொரு காபி குடித்தார்கள், போய்விட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு கடைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

லோகப்பிரியா பெருமூச்சு விட்டாள். இந்தச் சந்து இல்லாமல் அவளுடைய நடை இல்லை. இந்தச் சந்து இப்படியே இருந்தாலும் அவளுடைய நடை இல்லை.

பத்து வருடங்களாக அவள் பெரிய வணிக வளாகங்களுக்கு உள் அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். அங்கே எந்த மூலையில் என்ன மணக்க வேண்டும் என்பதைச் சுவருக்குள் ஒளித்து வைத்த மிஷின் பார்த்துக்கொள்ளும். ரொட்டியே சுடாத கடை வாசலில் சுடச்சுட ரொட்டி மணக்கும். அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. ஆனால் ஒரு நாள் தானே வடிவமைத்த வளாகம் ஒன்றின் நடுவில் நின்றபோது, இது எந்த ஊர் என்று ஒரு கணம் அவளுக்கே பிடிபடவில்லை. சென்னையா, கொச்சியா, வேறெங்காவதா? அந்தக் கணம் காலில் தைத்த முள்ளாக நெருடிக்கொண்டே இருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். கோயமுத்தூரின் பழைய கடைவீதிகள் மேல் ஆசை கொண்ட சிலர் சேர்ந்து தொடங்கிய ஒரு சின்ன அறக்கட்டளை அவளைக் கூப்பிட்டது. வருகிறவர்கள் பழைய கட்டடங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதோடு நின்றுவிடக் கூடாது. காதாலும் மூக்காலும் விரலாலும் நாக்காலும் வீதியை எடுத்துக்கொண்டு போக வேண்டும், அப்படி ஒரு காலை நடையை அமைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். முதல் நடை நன்றாக அமைந்தால் வருடம் முழுக்க ஞாயிறுதோறும் நடத்தலாம். இல்லாவிட்டால் இல்லை. அவள் சொந்தப் பெயரில் எடுத்த முதல் வேலை இது.

மாதக்கணக்கில் அந்த வீதிகளைச் சுற்றினாள். ஒலிப்பதிவு செய்கிற நண்பன் கவினின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஆள் இடிக்க இடிக்க நடந்தாள். கண்ணைத் திறந்து வைத்திருந்த நாட்களில் அவளுக்கு ஒரே இரைச்சலாகத் தோன்றிய வீதி, கண்ணை மூடியதும் பிரிந்து பிரிந்து தனித்தனியாக வந்தது. பாத்திரக் கடைக்காரர் குடத்தைச் சுண்டிக் காட்டும் ஒலி, ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் கடகடப்பு, பூக்கட்டுகிற இடத்தில் நனைந்த வாழைநாரின் பச்சை வாசம், மளிகை மண்டிப் பக்கம் திரும்பியதும் தும்மலைக் கொண்டுவரும் மிளகாய் நெடி. தலையணைக் கடையில் பிரித்துக் கொட்டியிருந்த பஞ்சுக்குள் முழங்கை வரை கையை விட்டபோது, அது குளிர்ச்சியா வெதுவெதுப்பா என்றே சொல்ல முடியவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது. எல்லாம் கோத்தாகிவிட்டது. மாலையின் நடுவே ஒரு முடிச்சு மாதிரி இந்தச் சந்து மட்டும் நின்றது. அத்தரும் காபியும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன.

சந்தைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனாள்.

"வாங்கம்மணி, உக்காருங்க. மொதல்ல காபியக் குடிங்க. பாய் சொல்லியுட்ட பஞ்சாயத்த அப்பறம் பேசலாம்" என்றாள் பழனாத்தாள். அறுபதை ஒட்டிய வயது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். லோகப்பிரியா அத்தர்க்கடையில் நின்று பேசியதை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பஞ்சாயத்தெல்லாம் இல்லீங்கக்கா. நடை நடக்கற அன்னிக்கு, நாங்க அத்தர்க்கடையத் தாண்டற வரைக்கும் மட்டும் வறுக்காம இருந்தீங்கன்னா..."

"அதெப்புடீங்க? ஞாயித்துக்கெழம காலைலதான் சனம் வரும். வறுக்கறப்ப வர்ற வாசத்துக்குத்தான் பாதிப் பேரு சந்துக்குள்ளாறயே நொழையறாங்க." பழனாத்தாள் வறுக்கும் மிஷினின் மேல் உரிமையோடு கையை வைத்தாள், கறவை மாட்டின் முதுகில் வைப்பதைப் போல. "அந்தப் பாய் மட்டும் என்ன, சும்மாவா? அவரு ரோசாப்பூ அத்தரத் தொறந்தார்னா என்ற காபித்தூளு பூரா சாமி ரூமாட்ட மணக்குது. வடவள்ளில இருந்து ஒரு அம்மா பொட்டணத்தத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துப்போட்டுப் போச்சு, தெரியுமுங்களா?"

"அந்தக் குழாயையாவது கொஞ்சம் மேல திருப்பி வெக்கலாமுங்களா?"

பழனாத்தாள் மிஷினிலிருந்து கையை எடுத்தாள். டபராவை இவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். "எங்கூட்டுக்காரர் போனப்ப பெருந்துறைல இருந்து சொந்தம் ஒறம்பரை பூரா வந்து உக்காந்துச்சுங்க. கடைய மூடிப்போட்டுத் தோட்டத்துக்கு வந்துரு, பொம்பளையால டவுனுக்குள்ள யாவாரம் பண்ண முடியாதுன்னாங்க. அதுவரைக்கும் வறுத்த கொட்டைய வாங்கித்தான் அரைச்சுட்டிருந்தோம். நான் மூடுலீங்க. மிஷினு வாங்கிப் போட்டேன். மொத நாளு அந்தக் கொழாயில பொகை போச்சு பாருங்க, சந்துக்கு நடுவுல நின்னு அண்ணாந்து பாத்துட்டே இருந்தேன்." அவள் குரல் இறங்கியிருந்தது. சட்டென்று மறுபடி ஏறியது. "பாய் வந்து, அக்கா, இப்புடித் திருப்புங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தார்னா அன்னிக்கே திருப்பியிருப்பனுங்க. அவரு நேராச் சங்கத்துக்குப் போனாரு. வரட்டும். வாசல்ல நின்னு கேக்கட்டும்."

ஆஸிம் பாயோ, அந்தம்மா முதலில் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். லோகப்பிரியா சந்தின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக நடந்து அலுத்தாள். அறக்கட்டளைக்காரர்கள், சந்தை விட்டுவிடுங்களேன் என்றார்கள். கவினும் அதையே சொன்னான். அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு வாசனைகள் எதிரெதிரே கைகட்டி நிற்கிற இடம் வேறெங்கே கிடைக்கும்?

ஒரு சனிக்கிழமை அத்தர்க்கடையில் ஆஸிம் பாயின் மகள் ஆஃப்ரின் இருந்தாள். வார நாட்களில் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறவள். சனிக்கிழமைகளில் அப்பாவின் கடை. வந்திருந்த ஒரு பெண்ணுக்கு மல்லி காட்டினாள், பிறகு ஊது என்கிற அகில்கட்டை அத்தர். அதற்கடுத்ததைத் திறக்கும் முன் கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து அந்தப் பெண்ணின் மூக்கருகே பிடித்தாள். "மூக்கு கொழம்பிடுச்சுன்னா இதை ஒருக்கா மோந்துக்கங்க. பழையபடி ஆயிடும்."

கிண்ணத்தில் இருந்தது வறுத்த காபிக்கொட்டை. பருத்து, உருண்டு, எண்ணெய் மினுங்குகிற கொட்டைகள். பழனாத்தாளின் கடையில் டப்பா டப்பாவாக இதைப் பார்த்திருந்த லோகப்பிரியா ஆஸிம் பாயை நிமிர்ந்து பார்த்தாள். அவர் திடீரென்று அலமாரியில் ஏதோ தேட ஆரம்பித்தார்.

"எங்கீங்க வாங்கறீங்க?"

"அது... டீக்கடை தனபால் கொண்டாந்து தர்றாப்ல" என்றார், அலமாரியைப் பார்த்தபடியே.

ஆஃப்ரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தனபால் அண்ணன் அங்கதான் வாங்கறாரு. அத்தாவுக்கு வேற எந்தக் கடைக் கொட்டையும் சரிப்படாதுங்க. எல்லாக் கடையிலயும் வாங்கிப் பாத்துட்டாரு."

இதை எதிர்க்கடையில் சொல்வதா வேண்டாமா என்று லோகப்பிரியாவுக்கு அன்று முழுவதும் யோசனை. சொன்னால் சண்டை தீரலாம். பாயின் மானமும் போகலாம். கடைசியில் சொல்லவில்லை. அடுத்த முறை காபி குடிக்கப் போனபோது, "டீக்கடைக்காரரு கூட உங்ககிட்டத்தான் கொட்டை வாங்கறாராட்ட இருக்குது" என்று மட்டும் பொதுவாக இழுத்தாள்.

பழனாத்தாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "தனபாலு டீக்கடைல எந்தக் காலத்துலீங்கம்மணி காபிக்கொட்டை அரைச்சான்? எனக்குத் தெரியாதுங்களா அது எங்க போகுதுன்னு? பீபெரி உருண்டைக் கொட்டையாப் பாத்து, நானே உக்காந்து பொறுக்கித்தான் கட்டிக் குடுக்கறேன். ஒடைசல் ஒண்ணு போகாது."

"அப்பறம் ஏனுங்கக்கா பேசாம இருக்கறீங்க?"

"பேசாம இருக்கறது வேறீங்க, யாவாரம் வேற."

லோகப்பிரியா சிரித்த சிரிப்பில் காபி புரையேறிவிட்டது. தலையில் தட்டிவிட்டது பழனாத்தாள்தான். அன்று மாலையே லோகப்பிரியா திட்டத்தை மாற்றினாள். இரண்டு வாசனைகளையும் பிரிப்பதற்குப் பதிலாக மாற்றி மாற்றிக் கொடுப்பது என்று முடிவு செய்தாள். கண்ணைக் கட்டியபடி அத்தர்க்கடை வாசலில் ஒரு வாசம். நாலு எட்டில் எதிரே காபி. திரும்ப இங்கே வேறொரு வாசம். சந்தைக் குறுக்கே கடப்பதே நடையின் நடுப்பகுதி. இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கிண்ணத்தைப் பற்றி வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று ஆஸிம் பாய் கேட்டுக்கொண்டார். சரியான பதத்தில் வறுத்துக் காட்டுவது தன் பொறுப்பு என்றாள் பழனாத்தாள். இருவரும் இன்னும் ஒருவரோடொருவர் பேசவில்லை. குழாயும் திரும்பவில்லை.

முதல் நடைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு வங்கி அதிகாரி, அறக்கட்டளையைச் சேர்ந்த இருவர். அவர்களோடு கிளமென்ட், சாராள் என்று ஒரு தம்பதி. கிளமென்ட் மில்லில் எலக்ட்ரீஷியன். சாராள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். கணவர் டிக்கெட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது சாராள் லோகப்பிரியாவைத் தனியே அழைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேங்க. எனக்கு வாசனையே தெரியாது. கொரோனா ரெண்டாவது அலையில வார்டுல இருந்தேன், அப்பப் போனதுதான். எனக்கு அது பழகிப்போச்சு. அவருக்குத்தான் பழகல. எங்க எதைப் படிச்சாலும் கூட்டிட்டுப் போயிடறாரு. நல்லா இருக்குன்னு நானும் சொல்லிடுவேன். நீங்க சங்கடப்படாதீங்க, அதுக்குத்தான் சொன்னேன்."

மாதக்கணக்கில் கோத்த மாலையில் பாதிப் பூ இந்த அம்மாவுக்கு இல்லை. "பாதி நடை காதும் கையும்தாங்க" என்றாள் லோகப்பிரியா. சமாதானம் சொன்னது போல் அவளுக்கே பட்டது.

ஆனால் சாராள்தான் அன்று எல்லோரையும்விட நன்றாக நடந்தாள். மெல்லிய காடாத் துணியால் கண்ணைக் கட்டியதும் மற்றவர்கள் குழந்தைகள் போல் தடுமாறினார்கள். அவள் நிதானமாக நின்று கேட்டாள். பாத்திரக் கடையில் சுண்டிய ஒலியை வைத்தே பித்தளையையும் செம்பையும் பிரித்தாள். பஞ்சுக்குள் கை விட்டதும், "இது சரியாக் காயல, ஈரம் இருக்கு" என்றாள். கடைக்காரர் தடவிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். பக்கத்தில் கண் கட்டிய கல்லூரிப் பெண் ஒருத்தி பயந்தபோது, சாராள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, படி வருகிறது, இறங்கு என்று சொல்லிக்கொண்டே போனாள். லோகப்பிரியாவுக்கு மனம் லேசானது. சந்துக்குள் நுழைந்ததும் மறுபடி கனத்தது.

ஆஸிம் பாய் வெள்ளை ஜிப்பாவில் வாசலில் நின்றிருந்தார். வரிசையாக ஒவ்வொருவருக்கும் மல்லி அத்தர் தொட்ட பஞ்சை நீட்டினார். ஒவ்வொரு முகமாக மலர்ந்தது. சாராளின் முறை வந்தது. அவளும் முகர்ந்தாள். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். அவள் பக்கத்தில் கண் கட்டாமல் நின்ற கிளமென்ட், "தெரியுதா?" என்று மெதுவாகக் கேட்டார். "ம்" என்றாள் சாராள். அந்த ஒற்றை எழுத்தை அவர் நம்பவில்லை என்பது லோகப்பிரியாவுக்குத் தெரிந்தது. அதை நம்புவதாகவே அவர் தலையசைத்தார். அதைப் பார்க்க முடியாமல் லோகப்பிரியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர்க்கடையில் பழனாத்தாள் மிஷினை ஓடவிட்டுவிட்டு, பாய் எப்படித்தான் வியாபாரம் பண்ணுகிறார் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸிம் பாய் அடுத்த சீசாவைத் திறந்தார். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அப்போது சாராள் சொன்னாள்: "ஏதோ கருகுது."

யாரும் கவனிக்கவில்லை. எல்லோருடைய மூக்கிலும் மல்லி அடைத்திருந்தது.

"கருகுதுங்க" என்றாள் மறுபடியும். உடனே அவளே தயங்கினாள். "இல்ல, பொய்யா இருக்கும். மூக்கு போனவங்களுக்குச் சில நேரம் இல்லாத கருகலெல்லாம் வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. விடுங்க."

லோகப்பிரியா திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தாள். ஆஸிம் பாயும் பார்த்தார். தகரக் குழாயிலிருந்து புகை கறுத்துச் சுருண்டு வந்துகொண்டிருந்தது. நாலு வருடமாகப் பூட்டி வைத்திருந்த குரல் பாயிடமிருந்து வெடித்துக் கிளம்பியது.

"ஏனுங்கக்கா! இங்க என்ன வேடிக்கை? கொட்டை கருகுது பாருங்க!"

"அய்யோ, கெடுத்தேன்!" பழனாத்தாள் பாய்ந்துபோய் மிஷினைத் திறந்தாள். அடைபட்டிருந்த புகை மொத்தமும் சந்துக்குள் புரண்டு வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் இருமினார்கள். வங்கி அதிகாரி கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினார். அறக்கட்டளைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்தது, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள் லோகப்பிரியா. அப்படி நினைத்துக்கொண்டே கிளமென்டைப் பார்த்தாள். அவர் இருமவும் இல்லை, நகரவும் இல்லை. மனைவியின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நிஜமாவே கருகுதாங்க?" என்றாள் சாராள், புகைக்கு நடுவில், கண்ணைக் கட்டியபடி.

"ஆமாங்க" என்றாள் லோகப்பிரியா. "நிஜமாவே கருகுதுங்க."

சாராள் துணியை நெற்றிக்கு ஏற்றிவிட்டாள். புகையைப் பார்த்தாள். மூக்கை உயர்த்தி, சின்னதாக, ஒரு முயலைப் போல இழுத்தாள். பிறகு பெரிதாக இழுத்தாள். இருமினாள், சிரித்தாள், கண்ணில் நீர் வழிய மறுபடி இழுத்தாள். அந்தக் கண்ணீரில் புகைக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது. மூக்கு போனவளுக்குக் கருகல் தெரிந்த விஷயம் சந்துக்குள் வாய்க்கு வாய் பரவியது. பழனாத்தாள் கருகிய கொட்டையை முறத்தில் அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "என்ற கொட்டைதானுங்க! நல்லா இழுங்க கண்ணு, இன்னும் இழுங்க. இதே வேணும்னா இன்னொரு ஈடு கருக்கிப் போடறேன்!"

"அக்கா, சித்த நகருங்க" என்றார் ஆஸிம் பாய், இரண்டு கையிலும் சீசாக்களோடு. "கருகலே வந்திருச்சுன்னா இதுவும் வரும்." மல்லி வரவில்லை. சந்தனம் வரவில்லை. பாயின் முகம் சுருங்கியது. "மெதுவாத்தானுங்க பாய் வரும்" என்றாள் பழனாத்தாள். அது அவரிடம் சொன்னது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

மண்டிக்காரர் ஒருவர் ஒரு கட்டிப் பெருங்காயத்தோடு வந்தார். சாராள் குனிந்தாள். "அய்யய்யோ!" என்று பின்னால் சாய்ந்தாள். சந்து முழுவதும் கைதட்டியது. லோகப்பிரியாவின் போன் அடித்தது. அடுத்த நிறுத்தத்திலிருந்து கவின். "எங்க இருக்கீங்க? நேரமாச்சு, கடைக்காரங்க எல்லாரும் இங்க காத்துட்டு இருக்காங்க" என்றான். "அவங்களையும் கூட்டிக்கிட்டு நீ இங்க வந்துரு" என்றாள் அவள். "எதையாவது மணக்கறதாக் கொண்டா."

அடுத்து என்ன நிறுத்தம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அறக்கட்டளைக்காரரில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து இருமல் மிட்டாயை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டிருந்தார். ஆமாம், அதற்குள் ஒரு வரிசை உருவாகியிருந்தது. கல்லூரிப் பெண்ணிடம் ஒரு கொத்து மரிக்கொழுந்து. துணிக்கடைக்காரரிடம் மடிப்புக் கலையாத கோடி வேட்டி. ஆஃப்ரினிடம் அரிந்த எலுமிச்சை. தனபால் கையில் பொத்தி வைத்த இஞ்சி. எல்லோரும் கையை மூடிக்கொண்டு, எட்டிப் பார்க்கிறவர்களைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். வண்டியோடு வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், விஷயம் கேட்டார்கள், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். நடுவில் பழனாத்தாள் போட்ட ஸ்டூலில் சாராள் உட்கார்ந்திருந்தாள். துணியைத் தானே கண்ணுக்கு இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சிரித்தபடியே சொன்னாள். இஞ்சிக்குக் கொஞ்சம் யோசித்தாள். எலுமிச்சைக்கு, "இருங்க, இருங்க, போயிடாதீங்க" என்று ஆஃப்ரினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரிசையின் கடைசியில் கிளமென்ட் நின்றிருந்தார். எப்போது போய் நின்றார் என்று லோகப்பிரியா பார்க்கவில்லை. முன்னால் நின்றவர்கள் வழிவிட, அவர் தலையை ஆட்டி மறுத்து, தன் முறைக்காகவே காத்திருந்தார். முறை வந்தது. ஸ்டூலுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். சந்தில் பேச்சு நின்றது. மிஷினையும் பழனாத்தாள் எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

அவர் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். அவற்றில் ஒன்றும் இல்லை.

எதிரே இருப்பது யாரென்று தெரியாத சாராள், மூக்கைச் சுருக்கி, புன்னகையோடு, அந்தக் கைகளை நோக்கி மெல்லக் குனிந்தாள்.